ஏதென்ஸில் மக்களாட்சி உருவான இடங்களைப் பார்க்கப் போகிறீர்களா? வீசா முதல் ப்னிக்ஸ் குன்று வரை

கிரேக்கம் போகிறவர்களில் பெரும்பாலோர் அக்ரோபோலிஸ் குன்று ஏறி, மேலே இருக்கும் பார்த்தெனான் கோயில் முன்னால் படம் எடுத்துக்கொண்டு, மறுநாளே ஏதாவது ஒரு தீவுக்குக் கப்பல் ஏறிவிடுகிறார்கள். அதில் தப்பே இல்லை. ஆனால் அரசன் இல்லாமல் ஓர் ஊர் தன்னைத் தானே எப்படி ஆண்டது, எங்கே கூடியது, எதில் வாக்குப் போட்டது என்று தேடிப் போகிறவர்களுக்கு வழக்கமான சுற்றுலாக் குறிப்புகளில் ஒன்றும் கிடைப்பதில்லை. நான் விவரம் கேட்ட பயண முகவர் "அக்ரோபோலிஸ் போதும், மிச்சம் எல்லாம் வெறும் கல்லு" என்று சொல்லி அரை நாள் பேக்கேஜை நீட்டினார். அப்புறம் வீசா, டிக்கெட், எந்த வாசல், எந்த நேரம் என்று எல்லாவற்றையும் நானே அலைந்து தெரிந்துகொள்ள வேண்டியதாயிற்று. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன். விலைகள் 2025 நிலவரம். போகும் முன் ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

1. முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள்

மார்ச் கடைசி முதல் மே நடு வரை, இல்லாவிட்டால் அக்டோபர், நவம்பர். நம்ம ஊர் வெயில் பழகியவர்களுக்கு ஜூலை என்ன செய்துவிடும் என்று நினைக்க வேண்டாம். நீங்கள் பார்க்கப் போகிற இடங்கள் எல்லாம் நிழலே இல்லாத திறந்தவெளி. வெப்ப அலை வந்தால் நண்பகலிலிருந்து மாலை 5 மணி வரை அக்ரோபோலிஸையே மூடிவிடுகிறார்கள், சமீபத்திய கோடைகளில் இது பல தடவை நடந்திருக்கிறது.

ஜனவரி 1, மார்ச் 25, மே 1, கிரேக்க ஈஸ்டர் ஞாயிறு, டிசம்பர் 25, 26 ஆகிய நாட்களில் எல்லாமே மூடியிருக்கும். கிரேக்க ஈஸ்டர் பெரும்பாலும் நம் காலண்டரில் இருக்கும் ஈஸ்டர் அன்று வராது, தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். இலவச நாட்களும் உண்டு: மார்ச் 6, ஏப்ரல் 18, மே 18, செப்டம்பர் கடைசி வார இறுதி, அக்டோபர் 28, பிறகு நவம்பர் முதல் மார்ச் வரை ஒவ்வொரு மாதத்தின் முதல் ஞாயிறு. குடும்பத்தோடு போனால் இந்த ஒரு தேதியே கணிசமான பணத்தை மிச்சப்படுத்தும். கூட்டம் அதிகமாக இருக்கும், அதற்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

2. வீசா: காகிதங்களும் கணக்கும்

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் (பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான) குறுகிய கால வீசா வேண்டும். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். கிரேக்கத்தில் 4 நாள், இத்தாலியில் 5 நாள் என்று திட்டம் போட்டுவிட்டு, அப்பாயின்ட்மென்ட் சுலபமாகக் கிடைக்கிறதே என்று கிரேக்கத்திடம் கொடுத்தால் சிக்கல்தான். இரண்டிலும் நாட்கள் சமமாக இருந்தால் முதலில் இறங்கும் நாடு.

பயணத்துக்கு 6 மாதம் முன்பிலிருந்து விண்ணப்பம் வாங்குவார்கள், குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்திருக்க வேண்டும். முடிவு சொல்ல வழக்கமாக 15 நாள், சந்தேகம் வந்தால் 45 நாள் வரை இழுக்கலாம். அந்த 45 நாளை வைத்தே கணக்குப் போடுங்கள். கோடைப் பயணத்துக்கான அப்பாயின்ட்மென்ட் ஏப்ரல், மே மாதங்களில் கிடைப்பது கஷ்டம், அதனால் இரண்டரை மூன்று மாதம் முன்பே தொடங்கிவிடுவது நல்லது.

கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45 யூரோ, அதற்குக் கீழே இலவசம். இதற்கு மேல் விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. வீசா மறுக்கப்பட்டால் பணம் திரும்பி வராது. மையத்தில் எஸ்.எம்.எஸ்., கூரியர், தனி அறை என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். அவை எதுவும் கட்டாயம் இல்லை, வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

காகிதங்களில் எங்கே சறுக்குகிறார்கள் என்பதை மட்டும் சொல்கிறேன். பாஸ்போர்ட் கடந்த 10 ஆண்டுக்குள் வழங்கப்பட்டதாக, திரும்பும் தேதிக்குப் பிறகும் 3 மாதம் செல்லுபடியாக, இரண்டு வெற்றுப் பக்கங்களோடு இருக்க வேண்டும். டிராவல் இன்சூரன்ஸ் குறைந்தது 30,000 யூரோ அளவுக்கு, எல்லா ஷெங்கன் நாடுகளுக்கும் சேர்த்து இருக்க வேண்டும், தேதிகள் பயண நாட்களை முழுவதும் மூட வேண்டும். பேங்க் ஸ்டேட்மென்ட்டில் விண்ணப்பத்துக்கு முந்தைய வாரம் திடீரென ஒரு பெரிய தொகை வந்து விழுந்திருந்தால் கேள்வி வரும். வருமான வரிக் கணக்கு, அலுவலக விடுப்புக் கடிதம், விமான முன்பதிவு, விடுதி முன்பதிவு ஆகிய நான்கிலும் தேதி ஒன்றுக்கொன்று ஒத்துப்போகிறதா என்று இன்னொருவரை வைத்துப் பாருங்கள். விமான டிக்கெட்டை முழுப் பணம் கட்டி வாங்குவதை வீசா வந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

கவர் லெட்டரில் "சுற்றுலா" என்று ஒரு வரியில் முடிக்காதீர்கள். இன்ன நாள் பண்டைய அகோரா (ஊரின் பழைய சந்தை, பொதுச் சதுக்கம்), இன்ன நாள் ப்னிக்ஸ் (மக்கள் அவை கூடிய குன்று), இன்ன நாள் கெராமெய்கோஸ் (பழைய இடுகாடு) என்று நாள்வாரியாக எழுதுங்கள். உண்மையில் என்ன பார்க்கப் போகிறோம் என்று தெரிந்தவர் எழுதிய திட்டம் படிக்கும்போதே வேறு மாதிரி இருக்கும்.

2025 அக்டோபரிலிருந்து ஷெங்கன் எல்லையில் முகப்படம் உள்ளிட்ட விவரங்களைப் பதியும் புதிய முறை வந்திருக்கிறது. வரிசை நீளலாம். இறங்கியவுடன் அடுத்த விமானம் பிடிக்கிற மாதிரி வைத்தால் இடைவெளி தாராளமாக விடுங்கள்.

3. கிளம்பும் முன் ஆறு தேதிகளைத் தலையில் ஏற்றிக்கொள்ளுங்கள்

வரலாறு முழுவதும் படிக்க வேண்டாம். ஆனால் இந்த ஆறும் தெரியாமல் போனால் அகோரா உண்மையாகவே வெறும் கல்லாகத்தான் தெரியும்.

கி.மு. 594: சோலன் கடனுக்காக அடிமையாகும் வழக்கத்தை ஒழித்து, குடிமக்களைப் பிறப்பை விட்டு விளைச்சலை வைத்து நான்கு வகுப்பாகப் பிரிக்கிறார். 546: பெய்சிஸ்திரதோஸ் படைபலத்தோடு வந்து தனியாட்சியை உறுதியாகப் பிடிக்கிறார். 510: அவர் மகன் ஹிப்பியாஸ் விரட்டப்படுகிறார். 508: கிளைஸ்தனீஸ் பழைய குலப் பிரிவுகளை ஓரங்கட்டி 10 புதிய இனக்குழுக்களை அமைத்து, ஒவ்வொன்றிலும் கடற்கரை, உள்நாடு, நகரம் மூன்றையும் கலந்து, குழுவுக்கு 50 பேர் என்று 500 பேர் அவையை உருவாக்குகிறார். 487: பானை ஓட்டில் பெயர் கீறி நாடு கடத்தும் முறை முதல் தடவை பயன்படுகிறது. 462: எஃபியால்டீஸ் பழைய பிரபுக்களின் அரியோபாகஸ் அவையிடமிருந்து பெரும்பாலான அதிகாரங்களைப் பறிக்கிறார்.

இதில் 508-ஐ மட்டும் நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள். அகோராவில் நீங்கள் பார்க்கிற முக்கால்வாசி அமைப்பு அந்த 10, 50, 500 என்ற கணக்கில்தான் ஓடுகிறது. பெண்கள், அடிமைகள், வெளியூரிலிருந்து குடியேறியவர்கள் யாருக்கும் இந்தக் கணக்கில் இடமில்லை என்பதையும் சேர்த்தே நினைவில் வைத்திருங்கள்.

நேரமிருந்தால் அரிஸ்டாட்டிலின் பெயரில் வழங்கும் "ஏதெனியரின் அரசியலமைப்பு" நூலின் கடைசி அத்தியாயங்களை, அதாவது 63 முதல் 69 வரை படித்துவிட்டுப் போங்கள். எகிப்தில் கிடைத்த பாப்பிரஸிலிருந்து 1891-ல் அச்சான நூல். ஆங்கில மொழிபெயர்ப்பு இணையத்தில் இலவசம். நீதிமன்றத்துக்குக் குலுக்கல் எப்படி நடந்தது என்று அந்தச் சில பக்கங்கள் சொல்வதைத்தான் நீங்கள் அருங்காட்சியகத்தில் கண்ணால் பார்க்கப் போகிறீர்கள்.

4. டிக்கெட்: எங்கே வாங்குவது, எதை விடுவது

கிரேக்க அரசின் மின்-டிக்கெட் தளம் ஹெச்ஹெச்டிக்கெட் (hhticket). அதில் மட்டும் வாங்குங்கள். தேடினால் முதலில் வருகிற பல தளங்கள் ஆடியோ கைடு, "வரிசை இல்லாமல் நுழைவு" என்று ஏதாவது சேர்த்து விலையை ஏற்றி விற்கிறவை.

பழைய கட்டுரைகள் எல்லாவற்றிலும் 30 யூரோவுக்கு ஏழு இடங்கள், ஐந்து நாள் என்று ஒரு கூட்டு டிக்கெட் பற்றிப் படிப்பீர்கள். அது 2025 ஏப்ரலோடு போய்விட்டது. இப்போது அக்ரோபோலிஸ் மட்டுமே 30 யூரோ, பண்டைய அகோரா 20, கெராமெய்கோஸ் 10. அக்ரோபோலிஸ் அருங்காட்சியகம் இதில் சேராது, அதற்குத் தனி டிக்கெட். ப்னிக்ஸ் குன்றும், மேலே சொன்ன பழைய அவை கூடிய அரியோபாகஸ் பாறையும் இலவசம்.

அக்ரோபோலிஸுக்கு நேரம் குறித்த நுழைவு. ஒரு நாளைக்கு 20,000 பேர் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள், குறித்த நேரத்துக்கு 15 நிமிடம் முன்னே பின்னே போகலாம், அதற்கு மேல் தாமதமானால் டிக்கெட் வீணாகலாம். 25 வயதுக்குக் கீழே இலவசம் என்று எழுதியிருப்பதை நம்பிக் கல்லூரி மாணவர்கள் வரிசையில் நிற்க வேண்டாம், அந்தச் சலுகை ஐரோப்பிய ஒன்றியத்து நாட்டினருக்கு.

கையில் காசு குறைவென்றால் என் யோசனை இதுதான்: அக்ரோபோலிஸை விட்டுவிடுங்கள், அகோராவை விடாதீர்கள். பார்த்தெனானை ஊரில் எங்கே நின்றாலும் பார்க்கலாம், அரியோபாகஸ் மேலிருந்து பார்த்தால் வாசல் அவ்வளவு பக்கத்தில் தெரியும். அகோராவில் இருப்பதை வெளியிலிருந்து பார்க்க முடியாது.

5. தங்குமிடமும் மெட்ரோவும்

மொனாஸ்திராகி அல்லது தீசியோ நிலையத்துக்கு அருகில் தங்குங்கள், எல்லாவற்றுக்கும் நடந்தே போய்விடலாம். விமான நிலையத்திலிருந்து நீல நிற மெட்ரோ, 9 யூரோ, சுமார் 40 நிமிடம். ஊருக்குள் 90 நிமிட டிக்கெட் 1.20 யூரோ, அது விமான நிலையத்துக்குச் செல்லாது. அந்த நீலத் தடத்தில் பிக்பாக்கெட் அதிகம். பெட்டியோடு ஏறும்போது பாஸ்போர்ட்டை உள் பையில் வையுங்கள்.

விடுதியில் சேரும்போது தனியாக ஒரு வரி கேட்பார்கள், முன்பதிவுத் தொகையில் அது பெரும்பாலும் சேர்ந்திருக்காது. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 3 நட்சத்திர விடுதியில் 5 யூரோ, 4 நட்சத்திரத்தில் 10. நான்கு இரவு தங்கினால் ஓர் அகோரா டிக்கெட்டின் விலை அதிலேயே போய்விடும், கணக்கில் வையுங்கள்.

6. முதல் நாள்: அகோராவுக்குக் காலை 8 மணிக்கு

கூட்டங்கள் காலையில் அக்ரோபோலிஸுக்குத்தான் ஓடும், அகோரா காலியாக இருக்கும். நுழைந்தவுடன் எல்லோரும் உயரத்தில் தெரிகிற ஹெஃபைஸ்டோஸ் கோயிலை நோக்கி நடப்பார்கள். நீங்கள் அதன் அடிவாரத்தில், மேற்கு ஓரத்தில் நின்றுவிடுங்கள். ஆட்சி நடந்தது அங்கேதான்.

முதலில் வட்டமான ஓர் அடித்தளம் தேடுங்கள், அது தோலோஸ். 500 பேர் அவையில் ஓர் இனக்குழுவின் 50 பேர் ஆண்டின் பத்தில் ஒரு பங்கு காலம் பொறுப்பில் இருப்பார்கள், அவர்கள் அரசு செலவில் இங்கே சாப்பிட்டார்கள். ஒரு பகுதியினர் இரவிலும் இங்கேயே இருந்தார்கள், எந்த நேரத்தில் செய்தி வந்தாலும் கேட்க ஆள் வேண்டும் என்பதற்காக. அதன் வடக்கே 500 பேர் அவை கூடிய கட்டடத்தின் தடம். எதிரே நீளமான ஒரு வேலி போன்ற கல் வரிசை இருக்கும், அது பத்து இனக்குழுக்களின் பெயர் தந்த வீரர்களின் சிலை நின்ற பீடம். வரப்போகும் சட்ட முன்வரைவும் படைக்கு அழைக்கப்பட்டவர்கள் பெயரும் இந்தப் பீடத்தில்தான் வைக்கப்பட்டன. எல்லோரும் படித்துவிட்டுத்தான் அவைக்குப் போக வேண்டும் என்ற எண்ணம் அந்த இடத்தைப் பார்த்தாலே புரியும்.

தோலோஸ் அருகே முழங்கால் உயரத்துக்கு ஒரு கல் நிற்கிறது, பாதிப் பேர் பார்க்காமலே தாண்டிவிடுவார்கள். "நான் அகோராவின் எல்லை" என்று அதில் எழுதியிருக்கிறது. சுமார் கி.மு. 500, கிளைஸ்தனீஸின் சீர்திருத்தம் புதிதாக இருந்த காலம். சில குற்றங்களைச் செய்தவர்கள் இந்த எல்லையைத் தாண்டி உள்ளே வரக் கூடாது.

ஏமாறக்கூடிய ஓர் இடம்: புதிதாகப் பதவி ஏற்கும் அதிகாரிகள் உறுதிமொழி எடுத்த கல் இருக்கும் "அரச மண்டபம்" அகோரா வேலிக்குள் கிடைக்காது. நடுவில் பிரேயுஸ் துறைமுகத்துக்குப் போகும் ரயில் பாதை ஓடுகிறது, மண்டபம் அதற்கு வடக்கே. வெளியே வந்து அட்ரியானூ தெருவில் உணவகங்கள் வரிசைக்கு எதிரே கம்பி வேலி வழியாகக் கீழே குனிந்து பார்க்க வேண்டும். உள்ளே தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

7. அருங்காட்சியகத்துக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள்

அகோராவின் கிழக்கில் நீளமாகத் தெரிகிற அட்டலோஸ் மண்டபம் 1953 முதல் 1956 வரை அமெரிக்கத் தொல்லியலாளர்கள் மறுபடி கட்டியது. அருங்காட்சியகம் அதற்குள்தான், அகோரா டிக்கெட்டிலேயே உள்ளே போகலாம். சுற்றுலாக் குழுக்கள் இருபது நிமிடத்தில் வெளியே வந்துவிடுகின்றன. உங்கள் பயணத்தின் மையமே இந்த ஒரு நீளமான அறைதான், அவசரப்படாதீர்கள்.

வரிசையாகத் துளைகள் வெட்டிய ஓர் உடைந்த பளிங்குப் பலகையைத் தேடுங்கள். அதுதான் குலுக்கல் பொறி, கிளெரோத்தேரியோன். சற்றுப் பிற்காலத்தது, மேல் பகுதி மட்டும்தான் இருக்கிறது. நீதிமன்றத்தில் உட்கார வந்தவர் ஒவ்வொருவரும் தன் பெயர், தந்தை பெயர், ஊர் எழுதிய சிறு வெண்கலத் தகட்டைக் கொடுப்பார், அது ஒரு துளையில் செருகப்படும். பக்கவாட்டில் ஒரு குழாய், அதில் வெள்ளையும் கறுப்புமாகக் குண்டுகளை மொத்தமாகப் போட்டு ஒவ்வொன்றாக விடுவார்கள். வெள்ளை விழுந்தால் அந்தக் கிடை வரிசை முழுவதும் இன்றைக்கு நீதிபதிகள், கறுப்பு விழுந்தால் அந்த வரிசை முழுவதும் வீட்டுக்குப் போகலாம். யார் எந்த வழக்கில் உட்காருவார் என்று காலை வரை யாருக்கும் தெரியாது என்றால் யாருக்கு லஞ்சம் கொடுப்பது? இந்தக் கல்லின் முன்னால் நின்று துளை ஒவ்வொன்றிலும் ஒரு பெயரை நினைத்துப் பாருங்கள், முறை தானாகப் புரிந்துவிடும்.

அடுத்து வாக்குச் சில்லுகள். நடுவில் சிறு அச்சு கொண்ட வெண்கல வட்டுகள். அச்சு உள்ளீடற்றிருந்தால் வழக்குத் தொடுத்தவருக்கு, கெட்டியாக இருந்தால் எதிராளிக்கு. இரண்டையும் கையில் எடுத்துக்கொண்டு அச்சின் முனைகளைப் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் மூடிப் பிடித்தபடி பெட்டிக்குப் போனால் எதைப் போட்டார் என்று பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியாது. ரகசிய வாக்கு எவ்வளவு எளிமையாக முடிந்திருக்கிறது பாருங்கள். அருகே பேச்சாளரின் நேரத்தை அளந்த மண்பானை நீர்க்கடிகாரம், அடியில் சிறு குழாய் வழியாகத் தண்ணீர் வடிந்து முடிய சுமார் 6 நிமிடம்.

பானை ஓடுகளுக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் கொடுங்கள். ஏதென்ஸின் அக்காலத் தலைவர்கள் தெமிஸ்டோக்ளிஸ், அரிஸ்டெய்டிஸ் பெயர்கள் கீறிய ஓடுகள் இருக்கின்றன. எழுத்துகளைப் பார்த்தாலே ஒவ்வொரு கையும் வேறு என்று தெரியும். அக்ரோபோலிஸின் வடக்குச் சரிவில் ஒரு கிணற்றிலிருந்து தெமிஸ்டோக்ளிஸ் பெயரோடு சுமார் 190 ஓடுகள் எடுத்தார்கள், எல்லாவற்றையும் எழுதியது 14 கைகள்தான். யாரோ முன்கூட்டியே எழுதி வைத்து விநியோகம் செய்யத் தயாராக இருந்திருக்கிறார்கள். தேர்தல் காலத்தைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதை விளக்கவே வேண்டாம்.

கிளம்பும் முன் கி.மு. 337-ன் சட்டக் கல்வெட்டையும் பாருங்கள். மேலே அமர்ந்திருக்கும் முதியவர் "மக்கள்", அவருக்கு முடிசூட்டும் பெண் "மக்களாட்சி". தனியாட்சி நிறுவ முயல்பவனைக் கொன்றவர் குற்றவாளி ஆகமாட்டார் என்று கீழே சட்டம்.

8. அதே மாலை: ப்னிக்ஸ்

தீசியோவிலிருந்து அப்போஸ்டொலு பாவ்லு நடைபாதை வழியாக மேலே ஏறினால் கால் மணி நேரத்துக்குள் வந்துவிடும். மாலை 5 மணிக்கு மேல் போங்கள், வெயில் இறங்கியிருக்கும். மக்கள் அவை இங்கேதான் கூடியது. அவை நாளில் சந்தையில் கதை பேசிக்கொண்டு நின்றவர்களைச் சிவப்புச் சாயம் தோய்த்த கயிற்றை இழுத்து இந்தக் குன்றை நோக்கித் துரத்தினார்கள், சட்டையில் சாயம் பட்டால் தாமதமாக வந்தவன் என்று எல்லோருக்கும் தெரியும்.

மேலே பாறையிலேயே செதுக்கிய பேச்சு மேடை இருக்கிறது. இங்கே பெரும்பாலான வழிகாட்டிகள் தவறாகச் சொல்லும் ஒன்று: "தெமிஸ்டோக்ளிஸ் இந்தப் படியில் நின்றுதான் பேசினார்". இல்லை. இப்போது தெரியும் மேடை கி.மு. 4-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. முதல் கட்டத்தில் பேச்சாளர் கீழ்ப்பக்கம் நிற்க, மக்கள் மேலே சரிவில் உட்கார்ந்து அகோராவைப் பார்த்தபடி இருந்தார்கள். 5-ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் திசையே திருப்பப்பட்டது. அதனால் மேடையைப் படம் எடுத்த பிறகு, அதற்கு முதுகு காட்டிச் சரிவில் உட்காருங்கள். சுமார் 6,000 பேர், எல்லோரும் ஆண்கள், ஒருவர் பின் ஒருவராக "யார் பேச விரும்புகிறார்?" என்ற அழைப்புக்கு எழுந்து வந்த இடம்.

தண்ணீர் கையில் கொண்டு போங்கள், மேலே கடை இல்லை. திரும்பும்போது அரியோபாகஸ் ஏறினால் பழைய பாறைப் படியைத் தவிர்த்து இரும்புப் படியில் ஏறுங்கள். பாறை தேய்ந்து வழுக்குகிறது, மழை பெய்திருந்தால் ஏறவே வேண்டாம்.

9. இன்னும் இரண்டு நாள் இருந்தால்

ஸ்பார்ட்டாவுக்குப் பேருந்தில் மூன்று மணி நேரத்துக்கு மேல். இரண்டு அரசர்கள், 60 வயது தாண்டிய 28 பேர் முதியோர் அவை, ஆண்டுக்கு ஐந்து கண்காணிப்பாளர்கள் என்று அதன் ஆட்சி படிக்கப் படிக்கச் சுவையானது, ஆனால் பார்க்க அதிகம் இல்லை. ஸ்பார்ட்டா வெறிச்சோடிப் போனால் அதன் வலிமையைப் பிற்காலத்தவர் நம்பமாட்டார்கள் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடிஸ் அப்போதே எழுதிவிட்டார். அரசியல் முறைகளைத் தேடிப் போகிறவர்கள் இந்த நாட்களைக் கிரீட் தீவுக்குக் கொடுப்பதுதான் சரி.

பிரேயுஸில் இரவுக் கப்பல் ஏறினால் காலையில் ஹெராக்லியோன், சுமார் 9 மணி நேரம். இருக்கை டிக்கெட் மலிவு, ஆனால் மறுநாள் நடக்க வேண்டுமென்றால் படுக்கை அறை எடுங்கள். அங்கிருந்து தெற்கே 45 கிலோமீட்டரில் கோர்ட்டின் என்ற பண்டைய ஊர். கி.மு. 5-ஆம் நூற்றாண்டுச் சட்டத் தொகுப்பு சுவரில் 12 பத்திகளாக, 600 வரிக்கு மேல், சொத்துப் பிரிவினை முதல் மணவிலக்கு வரை. ஒரு வரி வலமிருந்து இடம், அடுத்த வரி இடமிருந்து வலம், ஏர் ஓட்டித் திரும்புகிற மாதிரி. கம்பிக்கு வெளியே நின்றுதான் பார்க்க முடியும், அதனால் ஜூம் உள்ள கேமரா இருந்தால் எடுத்துச் செல்லுங்கள்.

மீரெஸ் போகும் பேருந்தில் ஏறி, கோர்ட்டினில் இறக்கிவிடச் சொல்லி நடத்துனரிடம் ஏறும்போதே சொல்லுங்கள். திரும்பும் கடைசிப் பேருந்து எப்போது என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள், தவறவிட்டால் ஹெராக்லியோன் வரை டாக்ஸிதான்.